அடுக்ககத்தில் வயர்லெஸ் தண்ணீர் மீட்டர்: பொருத்துவதும் பழுது பார்ப்பதும்

சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கம் தண்ணீர் மீட்டரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது என்றால், பெரும்பாலும் லாரித் தண்ணீர் பில் வந்திருக்கிறது என்று அர்த்தம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டபோது இந்தப் பேச்சு நன்றாகவே சூடுபிடித்தது. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஏழு பேர் இருக்கும் வீடும் ஒரே மெயின்டனன்ஸ் கட்டுவதா என்று யாராவது கேட்பார்கள். மீட்டர் போடலாம் என்று முடிவாகும். யாராவது ஒருவர் தலையில் அந்த வேலை விழும்.

அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் சங்கச் செயலாளராக இருக்கலாம், புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்த எலெக்ட்ரீசியனாகவோ பிளம்பராகவோ இருக்கலாம். லோரா என்னும், குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ முறையில் ரீடிங் அனுப்பும் வீட்டு நீர் மீட்டர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேஸ், மின்சார மீட்டர்களின் கதை வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் என்றதும் எல்லாரும் சிக்னலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பிற்பாடு வரும் சண்டைகளோ பெரும்பாலும் குழாயிலிருந்தும், எந்த மீட்டர் எந்த வீட்டுக்கு என்று குறித்துவைக்கும் நோட்டிலிருந்தும்தான் வருகின்றன. அதனால் இங்கே ரேடியோ மூன்றாவதாகத்தான் வரும்.

என்னென்ன சாமான்கள்

குழாயில் உட்காரும் மீட்டர். அதன்மேல் அல்லது பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ மாட்யூல். மொட்டை மாடியிலோ நடு மாடியிலோ, மாட்யூல்களின் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே ஒன்று. அப்புறம் ரீடிங்கை வாங்கிச் சேமிக்கும் சர்வர். சர்வர் விற்பவருடைய கிளவுடாக இருக்கலாம், நீங்களே சிர்ப்ஸ்டேக் போன்ற இலவச மென்பொருளை ஒரு சிறிய கணினியில் ஓட்டவும் செய்யலாம்.

மீட்டரில் இரண்டு வகை உண்டு. சக்கரம் சுழலும் இயந்திர மீட்டரில், முகப்பில் உள்ள ஒரு முள்ளில் சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். மேலே மாட்டும் கிளிப்புக்குள் ரீட் ஸ்விட்ச், அதாவது காந்தம் அருகே வந்தால் மூடும் ஸ்விட்ச். முள் ஒரு சுற்று வந்தால் ஸ்விட்ச் ஒருமுறை மூடித் திறக்கும்; அது ஒரு பல்ஸ். ஒரு பல்ஸ் என்பது ஒரு லிட்டரா பத்து லிட்டரா என்பது மாடலைப் பொறுத்தது. இதை முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். இன்னொரு வகை ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக். உள்ளே சுழலும் பாகம் கிடையாது, காற்றை எண்ணாது, விலை கூடுதல். கையில் காசு இருந்தால் இதையே வாங்குங்கள் என்பேன். இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. இயந்திர மீட்டர் என்றால் ஐஎஸ் 779 அல்லது ஐஎஸ்ஓ 4064 தரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் குழாய்களை எண்ணுங்கள்

வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுத்துவிட்டுத் திண்டாடுபவர்கள் அதிகம். நம்மூர் அடுக்ககங்களில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு ஷாஃப்ட் வழியாகவும் தனித்தனிக் குழாய் இறங்கும். ஒரு வீட்டின் இரண்டு பாத்ரூமும் சமையலறையும் மூன்று வெவ்வேறு ஷாஃப்ட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு மூன்று இணைப்பு. மூன்று மீட்டர் வேண்டும். வாஷிங் மெஷின் பால்கனிக்கும், சமையலறை போர் தண்ணீருக்கும் தனிக் குழாய் இருந்தால் ஐந்து. அந்த இணைப்புகளை வெளியே ஒன்றாகச் சேர்த்து ஒரே மீட்டராக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். சில கட்டடங்களில் முடியும். பல கட்டடங்களில் சுவரை உடைக்க வேண்டிவரும், அதற்குப் பதில் கூடுதல் மீட்டர் வாங்குவதே மலிவு.

டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஷாஃப்ட்டாக இறங்கிப் பாருங்கள். பில்டர் கொடுத்த வரைபடத்தை நம்பாதீர்கள். எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை வால்வை மூடிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். வால்வை மூடியதும் எந்த வீட்டிலிருந்து "தண்ணி வரலையே" என்று குரல் வருகிறதோ அதுதான் விடை. சொல்லிவிட்டு மூடுங்கள்.

மேல் மாடிக்காரர் சண்டைக்கு வருவார்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மீட்டர் எதுவானாலும் தன்னைக் கடக்கும் நீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் தின்னும். ஐஎஸ்ஓ 4064 ஒப்புக்கொள்ளும் உச்சம், நிரந்தர ஓட்ட அளவில், அதாவது மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டத்தில், 0.63 பார். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 0.1 பார்தான். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடியில், ஷவருக்குக் கிடைப்பதே இரண்டு மூன்று மீட்டர் உயரம், அதாவது 0.2, 0.3 பார். அங்கே 15 மில்லிமீட்டர் மீட்டரையும் அதன் வாயில் ஒரு வடிகட்டியையும் செருகினால் ஷவர் சொட்டத்தான் செய்யும். கீழ் மாடிக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் மேல் மாடிக்காரர் வேண்டுமென்றே புகார் சொல்கிறார் என்று கூட்டத்தில் பேச்சு வரும். அவர் சொல்வது உண்மை.

ஓட்டம் பாதியானால் அழுத்த இழப்பு கால்வாசியாகும். பெரிய மீட்டருக்கு அதே ஓட்டம் அதன் திறனில் சிறு பங்குதான். ஆகவே மேல் இரண்டு மாடிகளுக்கு ஒரு அளவு பெரிய மீட்டர், 20 அல்லது 25 மில்லிமீட்டர், போடுங்கள். பிரஷர் பம்ப் வைத்த கட்டடமென்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அளவைக் கண்டபடி கூட்டாதீர்கள். பெரிய மீட்டர் சொட்டுச் சொட்டான கசிவை எண்ணாமல் விட்டுவிடும்.

குழாயில் பொருத்தும் முறை

வரிசை இதுதான்: முதலில் வால்வு, பிறகு வடிகட்டி, பிறகு மீட்டர், அதற்குப் பிறகு ஒருவழி வால்வு. மீட்டரின் இருபக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) இருக்கட்டும், பின்னாளில் கழற்ற வேண்டிவரும்.

மீட்டரின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், ஆனால் ஷாஃப்ட்டின் இருட்டில் தலைகீழாக மாட்டப்பட்ட மீட்டர்கள் ஏராளம்.

மீட்டர் படுக்கைவாட்டில், முகப்பு வானத்தைப் பார்த்து இருப்பது நல்லது. முகப்பில் ஆர் என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். மீட்டர் எவ்வளவு மெல்லிய ஓட்டத்தையும் பிடிக்கும் என்பதற்கான அளவு அது. பல மாடல்களில் படுக்கைக்கு ஒரு எண்ணும் செங்குத்துக்கு அதைவிடக் குறைந்த எண்ணும் இருக்கும். ஷாஃப்ட்டில் இறங்கும் செங்குத்துக் குழாயிலேயே மாட்டினால் கசிவுகள் கணக்கில் வராது. யூ10, டி5 என்று குறித்திருந்தால், மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேரான குழாய் வேண்டும். 15 மில்லிமீட்டர் மீட்டருக்கு முன்னால் 15 சென்டிமீட்டர், பின்னால் ஏழரை. யூ0, டி0 என்றால் அந்தத் தொல்லை இல்லை. குறுகலான ஷாஃப்ட்டுக்கு அதையே கேட்டு வாங்குங்கள்.

சிபிவிசி குழாயை அறுத்தால் தூள் உள்ளே விழும். எனவே மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு துண்டுக் குழாயை வைத்து, எல்லா ஒட்டு வேலைகளையும் முடித்து, பசை காய்ந்தபின் தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவுங்கள். அதன்பிறகு துண்டை எடுத்துவிட்டு மீட்டரை வையுங்கள். மீட்டரை மாட்டிக்கொண்டே பசை தடவும் பிளம்பரைத் தடுத்து நிறுத்துங்கள், முகம் கோணினாலும் பரவாயில்லை.

கடைசியாக, இறங்கு குழாயின் உச்சியில் காற்றுப் போக்கிக் குழாய் இருக்கிறதா என்று மாடியில் பாருங்கள். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் நிற்கும் காற்று அந்த வழியாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அது வீடுகள் வழியாகத்தான் போகும், போகிற வழியில் மீட்டர் சக்கரத்தைப் பம்பரம்போலச் சுழற்றும். குடியிருப்பவர் காற்றுக்குக் காசு கட்டுவார்.

நோட்டு

ரேடியோவுக்குப் போகுமுன் ஒரு நோட்டோ எக்செல் தாளோ தயார் செய்யுங்கள். வீட்டு எண், எந்த ஷாஃப்ட், எந்தக் குழாய், மீட்டரின் வரிசை எண், மாட்யூலின் 16 இலக்க அடையாள எண், ஒரு பல்ஸுக்கு எத்தனை லிட்டர், பொருத்திய தேதி, அன்று முகப்பில் இருந்த ரீடிங். கூடவே முகப்பும் மாட்யூல் ஸ்டிக்கரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். மாட்டிய கையோடு அங்கேயே நின்று எழுத வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் 3பி-யும் 3சி-யும் இடம் மாறியிருக்கும், நான்கு மாதம் கழித்து இரண்டு குடும்பங்களும் உங்களோடு பேசாது.

கேட்வே வைக்கும் இடம்

இந்தியாவில் லோராவான், அதாவது லோரா கருவிகளின் நெட்வொர்க் முறை, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஓடுகிறது. இதற்கு உரிமம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி தரும் இடிஏ என்ற கருவி அனுமதிச் சான்று இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்காவின் 915 அல்லது ஐரோப்பாவின் 868 மாட்யூலை வாங்கினால், சட்டப்படியும் சிக்கல், கேட்வேயும் அதைக் கேட்காது.

கேட்வே என்றாலே மொட்டை மாடி, ஆன்டெனா என்றாலே பெரிசு என்பது பொது நம்பிக்கை. ஒரே பிளாக் என்றால் இது தப்பாகப் போகும். அதிக டிபிஐ (ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் கூர்மையாக்கும் அளவு) உள்ள நீண்ட ஆன்டெனா பக்கவாட்டில்தான் தூரம் பார்க்கும். தனக்கு நேர் கீழே அதற்குப் பார்வை மிகக் குறைவு. உங்கள் மீட்டர்கள் அத்தனையும் நேர் கீழேதான் இருக்கின்றன. இரண்டு மூன்று டிபிஐ கொண்ட குட்டை ஆன்டெனாவும், நடு மாடி லாபியோ ஷாஃப்ட்டின் வாயோ போதும். இரண்டு பிளாக் எதிரெதிரே இருந்தால் இதன் மாடியில் உள்ள கேட்வே அதையும், அதன் மாடியில் உள்ளது இதையும் பார்க்கும்படி வைப்பது இன்னும் நல்லது.

மொட்டை மாடியில் செல்போன் டவர் இருக்கிறதா? சில நிறுவனங்களின் 4ஜி டவர்கள் 869 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஒலிபரப்புகின்றன. லோராவுக்கு அது அடுத்த வீடு. பத்தடி தள்ளி அவ்வளவு சத்தம் இருந்தால் கேட்வேக்குக் காது அடைத்துப்போகும். தள்ளி வையுங்கள், முடியாவிட்டால் 865–867 மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் கேட்வேக்கும் நடுவில் போடுங்கள்.

ஆன்டெனா மாட்டாமல் கேட்வேக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். மாடியில் வைத்தால் இடிதாங்கியைவிடத் தாழ்வாக ஆன்டெனாவும், வயரில் மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் ஒரு சர்ஜ் அரெஸ்டரும் இருக்கட்டும். மின்சாரம் யுபிஎஸ் வழியாக வரட்டும். இணையத்துக்கு சிம் கார்டு போட்டால் ரீசார்ஜ் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மாட்யூலை எழுப்புதல்

கேட்வே ஓடி, சர்வரில் பச்சை விளக்கு தெரிந்தபிறகே மாட்யூல்களை எழுப்ப வேண்டும். முன்னாடியே எழுப்பினால் அவை கேட்வேயைத் தேடித் தேடி உச்ச சக்தியில் கூவிக்கொண்டே இருக்கும், பேட்டரி அதிலேயே கரையும். சிலவற்றைக் காந்தத்தால் தொட்டு எழுப்புவார்கள், சிலவற்றைப் போனின் என்எஃப்சியால்.

அடையாள எண்ணையும் 32 இலக்க ஆப்-கீயையும் (மாட்யூலின் ரகசியச் சாவி) சர்வரில் ஏற்றும்போது கையால் தட்டச்சு செய்யாதீர்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், அல்லது விற்பவரிடம் கோப்பாக வாங்குங்கள்.

இணைந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது சிக்னலின் பலம், மைனஸ் 110-ஐவிட மேலே இருந்தால் நிம்மதி. எஸ்என்ஆர், அதாவது இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல், பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் லோரா வேலை செய்யும். எஸ்எஃப் என்பது செய்தியை எவ்வளவு மெதுவாக அனுப்புகிறது என்ற எண்; 7 வேகம், 12 மிக மெதுவு. எஸ்எஃப்7-இல் மைனஸ் 7.5 வரை, எஸ்எஃப்12-இல் மைனஸ் 20 வரை தாங்கும். எல்லைக்கு ஐந்தாறு டிபி முன்னாலேயே நின்றால்தான் மழைக்காலத்தில் பிழைக்கும்.

எஸ்எஃப் எண் ஏன் முக்கியம்? பத்து பைட் ரீடிங்கை அனுப்ப எஸ்எஃப்7-க்குச் சுமார் 60 மில்லிவிநாடி போதும். எஸ்எஃப்12-க்குக் கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி. இருபது மடங்குக்கும் மேல் நேரம், அந்த அளவுக்குப் பேட்டரிச் செலவு. எல்லா மாட்யூலும் எஸ்எஃப்12-இலேயே நிற்கிறது என்றால் ரீடிங் வந்தாலும் திருப்திப்படாதீர்கள், கேட்வேயை நகர்த்துங்கள். சிக்னலுக்கு ஏற்ப எஸ்எஃப் எண்ணைத் தானாக மாற்றும் ஏடிஆர் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பில் போடும் முன்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்கெட் பிடித்துச் சோதியுங்கள். இருபது லிட்டர் பிடித்தால் முகப்பில் இருபது ஏற வேண்டும், அடுத்த தகவலில் சர்வரிலும் அதே அளவு ஏற வேண்டும், அதுவும் அந்த வீட்டின் பெயரில். பல்ஸுக்குப் பத்து லிட்டர் என்றால் ஐந்து பக்கெட்டாகப் பிடியுங்கள். வேலை அலுப்பானதுதான். இடம் மாறிய மீட்டர், தலைகீழ் அம்பு, பத்து மடங்குப் பிழை எல்லாம் இந்த ஒரே சோதனையில் பிடிபடும் என்பதால் இதை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு மாதம் பணம் வாங்காமல் மாதிரிப் பில் மட்டும் கொடுங்கள். தொட்டி வாயில் ஒரு பெரிய மீட்டர் இருந்தால் அதன் அளவையும் வீடுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடலாம். மத்திய அரசின் குடிநீர், சுகாதாரப் பொறியியல் அமைப்பான சிபிஹெச்இஇஓ-வின் கையேடு நகரங்களுக்குச் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நான்கு பேர் வீட்டில் 540 லிட்டரை ஒட்டி வந்தால் சரி. 54 என்றோ 5,400 என்றோ வந்தால் பல்ஸ் கணக்கைப் பாருங்கள்.

பழுதானால்

ஒரே நேரத்தில் பிளாக் முழுக்க ரீடிங் நின்றுவிட்டால் மாட்யூலைத் தொடவே வேண்டாம். கேட்வேக்கு மின்சாரம் இருக்கிறதா, சிம் ரீசார்ஜ் ஆனதா, யாராவது பிளக்கைப் பிடுங்கி டிரில் மெஷின் போட்டார்களா என்று பாருங்கள். கடைசிக் காரணம் வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஒரே ஒரு மாட்யூல் இணையவே மறுக்கிறதா? ஆப்-கீயை மறுபடி ஒப்பிடுங்கள். கீ சரியாக இருந்தும், பேட்டரி மாற்றிய பிறகு இணையவில்லை என்றால் சர்வர் பதிவில் நான்ஸ் (ஒவ்வொரு முறை இணையும்போதும் மாட்யூல் அனுப்பும் எண்) ஏற்கெனவே பயன்பட்டது என்ற செய்தி இருக்கும். மாட்யூல் தன் எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, சர்வர் அதைப் பழைய செய்தியின் நகல் என்று தள்ளிவிடுகிறது. சிர்ப்ஸ்டேக்கில் அந்தக் கருவியின் பழைய நான்ஸ்களை அழிக்க ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் இணைந்துவிடும்.

நெடுநாள் அட்டைப்பெட்டியில் கிடந்த மாட்யூல் எழுந்து எழுந்து செத்துப்போகும். உள்ளே இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி. சும்மா கிடந்தால் லித்தியத்தின்மேல் ஒரு மெல்லிய படலம் படியும். ரேடியோ திடீரென்று மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து மாட்யூல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மல்டிமீட்டரில் 3.6 காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். சில தடவை எழுப்பி அனுப்ப விட்டால் படலம் கரையும். கரையாவிட்டால் விற்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது.

தரைக்கடியில் குழியில் இருக்கும் மீட்டர் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஊமையானால் குழியில் தண்ணீர் நிற்கிறது. முழுகிய ஆன்டெனாவிலிருந்து சிக்னல் வெளியே வராது. வார்ப்பிரும்பு மூடியும் அப்படித்தான். ஃபைபர் (எஃப்ஆர்பி) மூடியாக மாற்றுங்கள், மாட்யூலை மூடிக்கு அருகே உயர்த்தி மாட்டுங்கள். பகலில் போய் இரவில் வந்தாலோ, இரவில் போய்ப் பகலில் வந்தாலோ, குழிமேல் யார் கார் நிறுத்துகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

ரீடிங் வருகிறது, ஆனால் முகப்போடு ஒத்துப்போகவில்லை. இதுதான் சிரமமானது. சர்வர் குறைவாகக் காட்டினால் கிளிப் நகர்ந்திருக்கும், அல்லது எலி வயரைக் கடித்திருக்கும். சர்வர் கூடுதலாகக் காட்டினால் முள்ளைக் கூர்ந்து பாருங்கள். காந்தம் சரியாக ரீட் ஸ்விட்ச்சின் விளிம்பில் வந்து நின்றிருக்கும். பம்ப் நின்று ஓடும் ஒவ்வொரு அதிர்வுக்கும் முள் மயிரிழை முன்னே போய்ப் பின்னே வரும். அத்தனைக்கும் ஒரு பல்ஸ். வீட்டில் யாருமே குழாயைத் திறக்காமல் லிட்டர்கள் ஏறும். மீட்டருக்கு அடுத்துள்ள ஒருவழி வால்வு கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். திசை அறியும் இரட்டை ரீட் கொண்ட கிளிப் கிடைத்தால் அதற்கு மாறுங்கள்.

முகப்பும் சர்வரும் ஒத்துப்போகின்றன, ஆனாலும் குடியிருப்பவர் "நாங்க ஊர்லயே இல்லை" என்கிறார். மணிவாரி ரீடிங்கை எடுத்து இரவு இரண்டு முதல் நான்கு வரை பாருங்கள். அந்த நேரத்தில் எல்லா நாளும் ஒரே அளவு ஏறிக்கொண்டிருந்தால் ஃபிளஷ் டேங்க் கசிகிறது. பீங்கானில் தண்ணீர் வழிவது கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் கொஞ்சம் நீலம் கலந்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் கோப்பையில் நீலம் இறங்கியிருக்கும். தொட்டி நிரம்பும் வேளையில் மட்டும் குபீரென்று ஏறினால் அது காற்று. ஒரு நாளின் கணக்கு காலை 5.30-க்குத் தொடங்கி 5.30-க்கு முடிந்தால் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசி நாள் பில்கள் இடறும்.

கடைசிப் பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடமிருந்து எல்லா மாட்யூலின் அடையாள எண்களும் ஆப்-கீகளும் கொண்ட பட்டியல், கேட்வேயின் பாஸ்வேர்டு, ரீடிங் செய்தியை எப்படிப் பிரித்துப் படிப்பது என்ற குறிப்பு, இந்த மூன்றும் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு வந்துசேர வேண்டும். நாளைக்கு அவர் கடையை மூடினாலோ மாதச் சந்தாவை ஏற்றினாலோ, இவை இருந்தால் ஒரு வார இறுதியில் வேறு சர்வருக்கு மாறிவிடலாம். இல்லாவிட்டால் மீட்டர் முகப்பைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். சேர்க்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.